பூசை வழியில் ஒரு சுவர்

என் புருஷன் ஃபெஸ்டஸ் கீவ்னி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப் போவதைக் கேட்டால் யாருக்கும் அவனை நாலு சாத்து சாத்தத்தான் தோன்றும். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறியதில்லை. ஆனால் ஒரு விஷயம் அவன் மண்டையில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். அதை இறக்க மாதாவே நேரில் வந்தாலும், "உட்காருங்கம்மா, டீ சாப்பிடுங்க, அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க" என்பான்.

அந்த வருஷம் அவன் மண்டையில் ஏறியது பூசை வழி.

எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோடு. பின்னால் எங்கள் வயல். வயலைத் தாண்டினால் கோயில். வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி, கல்வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி உண்டு. எங்கள் ஊர் ட்ரிம்மோர் ஜனங்கள் எல்லாம் அதற்குள் நுழைந்து வயலில் நடந்துதான் பூசைக்குப் போவார்கள். எங்கள் மேயோ ஜில்லாவில் இங்கிலாந்துக்காரன் சட்டப்படி பூசை வைப்பதே குற்றமாக இருந்த காலத்தில் ஒளிந்து ஒளிந்து நடந்து உண்டான வழி அது. நிலம் எங்களுடையது, வழி ஊருடையது. ரோட்டில் சுற்றிப் போனால் கால் கடுத்துவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு: கடைசியாகப் போகிறவர் இடைவெளியில் குறுக்குக் கம்பைத் திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும், மாடு வெளியே போகாமல் இருக்க.

அக்டோபர் மாதம் ஜெபமாலை நடக்கிற சமயம், ஒரு நாள் சாயங்காலம் யாரோ கம்பை வைக்காமல் போய்விட்டார்கள். ஃபெஸ்டஸ் பார்த்துப் பார்த்து வளர்த்த கிடாரி வெளியே போய், ரோட்டைத் தாண்டிச் சதுப்புக் குழியில் விழுந்து செத்தது. மறுநாள் காலையில் கயிறு கட்டி இழுத்தபோது அவன் அழுததை நான் பார்த்தேன். அதனால் அந்த அழுகையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அன்று மத்தியானமே அந்த இடைவெளியை நெஞ்சுயரத்துக்குக் கல்லடுக்கி அடைத்தானே, அதற்கு அவனை நான் திட்டாத திட்டில்லை. அது போதாதென்று டீலியா வீட்டு வாசலில் போய் நின்று கத்தினான்.

"கடைசியா வந்தவ நீதான். ஊரே பார்த்திருக்கு. கம்பை வைக்கக் கை வலிச்சுதா உனக்கு?"

"வெச்சேன்யா, வெச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள் டீலியா.

"அப்போ மாடே தூக்கிப் போட்டுட்டுப் போச்சா?"

"உன் மாடுதானே, உன் புத்திதான் இருக்கும்."

டீலியா யாரென்றால், ஃபெஸ்டஸும் நானும் படித்த அதே பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்தவள். புருஷன் கோல்மன் இங்கிலாந்தில் கட்டட வேலை. கல்யாணமாகி வெகு காலம் வெறும் வயிறாக இருந்தவளுக்கு அந்த வருஷம்தான் கரு நின்றிருந்தது. ஜனவரியில் பிரசவம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தூக்கி நிற்கிற ஞானத்தாய் நான்தான் என்று, வாந்தி எடுத்த முதல் நாளே சொல்லியிருந்தாள். தினமும் சாயங்காலம் என் அடுக்களையில் வந்து உட்கார்ந்து டீ குடித்து, ஊரில் ஒருத்தர் விடாமல் நாங்கள் இருவரும் பேசித் தீர்ப்போம். சுவர் எழும்பிய நாளிலிருந்து அவள் வரவில்லை. கோயிலில் பார்த்தால் ஜெபப் புத்தகத்துக்குள் மூஞ்சியை நுழைத்துக்கொண்டாள். ஞானத்தாயாக வேறு யாரையோ கேட்கப் போகிறாள் என்று தபால்காரன் பேக்கி ருவேன் வந்து என் காதில் போட்டுவிட்டுப் போனான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். டீலியா திரும்ப வந்து என் அடுக்களையில் உட்கார வேண்டும், அந்தப் பிள்ளையை நான் கையில் வாங்க வேண்டும். அதற்கு அந்தச் சுவர் போக வேண்டும். அழுதேன், கத்தினேன், ஒரு வாரம் உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்துப் போட்டேன். மனுஷன் தட்டை வழித்துத் தின்றான்.

இதற்கு நடுவில் வந்தது பள்ளிக்கூட நாடகம்.

பள்ளிக்கூட டீச்சர் மிஸ் டார்ப்பி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகளுக்குத் தானே ஒரு கதை கட்டி நடிக்க வைப்பாள். அந்த வருஷக் கதை ஒரு பாலத்துக்காரனைப் பற்றியது. ஊரார் நடந்து நடந்து தன் பாலத்துக் கல் தேய்கிறதே என்று அவனுக்கு வயிற்றெரிச்சல். பாலத்தின் நடுவில் ஒரு கதவு போட்டுப் பூட்டினான். ஆள் வராததால் அவனுக்குச் சேதி வரவில்லை. என்ன கிழமை என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் கடைசியில் தன் பெயரே அவனுக்கு மறந்துவிட்டது. ஒரு குளிர்காலச் சாயங்காலம் ஒரு தச்சனும், கழுதை மேல் நிறைமாதப் பெண்ணும் வந்து கதவைத் தட்டினார்கள். போ போ என்றான். கழுதை போகாமல் கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

அந்தக் கழுதை என் மகள். அட்ராக்டா, எங்கள் ஒரே பிள்ளை, அப்போது ஏழு வயது. சாக்குத் துணியைப் போர்த்தி, முதுகில் கரியால் சிலுவை வரைந்துவிட்டிருந்தேன். நிஜக் கழுதை முதுகில் இருக்கிறதே, அதே மாதிரி. பாலத்துக்காரன் தடியோடு வெளியே வந்தபோது கழுதை தலையைத் தூக்கிப் பேசியது.

"உன் பேரு எனக்குத் தெரியும். நீ சின்னப் பையனா இருந்தப்போ என் முதுகுலதான் சவாரி போவே."

பெயரைக் கேட்டதும் அவன் உடைந்துபோய், கதவைக் கழற்றித் தரையில் போட்டான். அதற்குள் அந்த வாசற்படியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தச்சன் கதவுப் பலகையை அறுத்துத் தொட்டில் செய்தான். இரண்டு கட்டை மிஞ்சியது. "இது எதுக்காகும்?" என்று பாலத்துக்காரன் கேட்டான். மாதாவாக நடித்த சின்னப் பெண் அந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக மடியில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும். இவன் பெரியவனானதும் வேணும்," என்றாள்.

கூடத்தில் ஒருத்தர் இருமவில்லை.

பேக்கி ருவேன்தான் வாயைத் திறந்தான். கோயிலில் பாட்டு நடத்துகிறவனும் அவன்தான், அதனால் எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. "கிறிஸ்துமஸும் அதுவுமா சிலுவையா? சின்னப் பிள்ளைங்க கதையில இது எதுக்கு மிஸ்?"

"தொட்டிலும் சிலுவையும் ஒரே மரம்தான் பேக்கி," என்றாள் மிஸ் டார்ப்பி. "பிள்ளைங்களுக்குப் புரியுது. உனக்குப் புரியலைன்னா அடுத்த வருஷம் முன் பெஞ்சுல வந்து உட்காரு."

இதைப் பற்றி ஊர் இரண்டாகப் பிரிந்து அங்கேயே சண்டை பிடித்தது. குழந்தைகளைப் பயமுறுத்தலாமா என்று பாதி, உண்மையை மறைக்கலாமா என்று பாதி. ஆனால் சண்டை போட்ட வாய்கள் வேறு, கண்கள் வேறு. கண்கள் எல்லாம் என் புருஷன் மேல்தான். கதவு போட்டவன் யாரென்று அங்கே தெரியாதவர்கள் இல்லை.

ஃபெஸ்டஸ் ஒருத்தனுக்கு மட்டும் தெரியவில்லை! முன் வரிசையில் உட்கார்ந்து, தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான். எனக்கு பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதும் என்னிடம் ஓயாமல் பேசினான். "வின்னி, என்ன மனுஷன் அவன்! நாலு பேர் நடந்தா பாலம் தேய்ஞ்சா போயிடும்? பக்கத்து ஜில்லா ராஸ்காமன்காரனாத்தான் இருப்பான்."

"டாடி," என்றாள் அட்ராக்டா, "அது நீங்கதான்."

அவன் நின்றுவிட்டான். "யார் சொன்னா? டார்ப்பியா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்."

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். சரி, மனுஷனுக்கு உறைத்துவிட்டது, காலையில் சுவரைப் பிரித்துவிடுவான் என்று நான் மனப்பால் குடித்துக்கொண்டு படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால், சுவரின் மேல் இன்னொரு வரிசைக் கல் ஏறியிருக்கிறது. ஊர் தன்னைக் கேலி செய்ய நாடகம் போட்டுவிட்டதாம். கதை கேட்டு ஆள் திருந்துவதெல்லாம் கதையில்தான். பானை மூடியை அவன் பக்கம் வீசினேன், குறி தப்பிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முழுக்க மழை கொட்டியது. திருநாளுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் ஜன்னலில் பெரிய மெழுகுவர்த்தியை வைத்தோம். அதை வீட்டின் கடைக்குட்டிதான் ஏற்ற வேண்டும், அட்ராக்டா ஏற்றினாள். அன்று ராத்திரி எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவுக்கும் தாழ் கிடையாது. மாதாவும் சூசையப்பரும் இடம் தேடி வரலாம், அதனால் விடிகிற வரைக்கும் யார் வந்தாலும் போ என்று சொல்லக் கூடாது. ஃபெஸ்டஸே தாழை நீக்கிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். இந்த மாதிரி விஷயத்தில் அவன் ரொம்பக் கறார்.

விடியற்காலைப் பூசைக்கு எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தோம். வெளியே இன்னும் கருக்கிருட்டு. ஃபெஸ்டஸ் முகத்தில் சோப்பு நுரையோடு விளக்கடியில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். ஒரு கன்னம் முடிந்திருந்தது. அப்போது முன்கதவு திறந்தது.

டீலியா.

காலில் கோல்மனுடைய பூட்ஸ். கோல்மன் லாந்தரோடு பின்னால் நின்றான், திருநாளுக்கு வந்திருந்தான் போலிருக்கிறது. "கடவுள் இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்," என்றாள் டீலியா. சொன்னது என்னிடம் அல்ல, சுவர்க் கடிகாரத்திடம்.

"கோயிலுக்குச் சுத்திப் போற ரோட்டுப் பள்ளத்துல தண்ணி இடுப்பளவு ஓடுது," என்றான் கோல்மன். பாவம், அவனுடைய நல்ல கால்சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. "இறங்கிப் பார்த்தேன். இவளை வெச்சுக்கிட்டுத் தாண்ட முடியாது. உங்க வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுது."

அவனைத் தொடர்ந்து பேக்கி ருவேன் வந்தான். அவனுக்குப் பின்னால் அந்தப் பக்கத்து வீடுகள் அத்தனையும் வந்தன. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக அடுக்களையில் நிற்க இடமில்லை. எல்லோர் மேலும் ஈரக் கம்பளி வாசனை. டீலியாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கை தானாக டீக் கெட்டிலுக்குப் போனது, அப்புறம்தான் உறைத்தது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிற ஜனம், நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. அவள் எப்போது வருவாள் எப்போது வருவாள் என்று அத்தனை நாள் காத்திருந்து, வந்தவளுக்கு ஒரு மிடறு கொடுக்க வழியில்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வேன்!

"அதோ பின்கதவு இருக்கு," என்றான் பேக்கி. "இப்படி வந்து அப்படிப் போயிடுவோம். ரெண்டு நிமிஷ வேலை." சொல்லிக்கொண்டே நகர்ந்தான்.

"நில்லுய்யா!" ஃபெஸ்டஸ் சவரக் கத்தியோடு குறுக்கே பாய்ந்தான். "முன்கதவுல வந்தவன் முன்கதவுலதான் போகணும். பின்பக்கமாப் போனா இந்த வீட்டு அதிர்ஷ்டம் உங்களோட போயிடும். இத்தனை பேர் போனா எனக்கு என்னய்யா மிஞ்சும்?"

நான் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது வெடிக்கும், அத்தனை பேரும் அவன்மேல் விழுந்து பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் பேக்கி எடுத்த காலைப் பின்னால் வைத்தான்.

"ஆமாமா, மறந்துட்டேன்," என்றான். "ஹீலி வீட்டுல அப்படித்தானே ஆச்சு. பிஷப்பைப் பின்பக்கமா அனுப்பினாங்க, அந்த வருஷமே கோழி ஒண்ணு மிஞ்சல."

"ஃபெஸ்டஸ் சொல்றது சரிதான்," என்றாள் டீலியா. "அவன் என் வழியை எடுத்துக்கிட்டான். அதுக்காக அவன் வீட்டு அதிர்ஷ்டத்தை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். அது வின்னிக்கும் சேர்ந்ததுதானே."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். யாரும் முறுமுறுக்கவில்லை. உண்மையாகவே அவர்களுக்கு மனம் வரவில்லை. என்ன ஜனங்கள் இவர்கள், என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லோரும் முழு நம்பிக்கையோடு முட்டாளாக இருந்தோம், ஃபெஸ்டஸும் சேர்த்து, நானும் சேர்த்து.

வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் மணி அடித்தது. அவ்வளவு பக்கம்! கூப்பிட்டால் ஃபாதருக்குக் கேட்கும். ஒருத்தரும் அசையவில்லை.

"டாடி," என்று அட்ராக்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இவங்க ஏன் போகல? பின்கதவு திறந்துதானே இருக்கு?"

"போனா நமக்கு ஆகாதும்மா."

"நமக்கு ஆகாதுன்னா இவங்க கிறிஸ்துமஸ் பூசையை விடுறாங்க?"

ஃபெஸ்டஸ் நிமிர்ந்தான். நுரை காய்ந்து கன்னத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கோல்மனின் நனைந்த கால்சட்டையைப் பார்த்தான். டீலியாவிடம் வந்ததும் நின்றான்.

"நான் அந்தக் கம்பை வெச்சுட்டுத்தான் போனேன், ஃபெஸ்டஸ்," என்றாள் அவள். இந்தத் தடவை குரலில் காரமில்லை. "நற்கருணை வாங்கப் போறவ, இன்னிக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

அவன் கத்தியை மேஜைமேல் வைத்தான். ஒரு கன்னம் வழவழவென்றும் ஒரு கன்னம் நுரையுமாக, சட்டைமேல் கோட்டுகூடப் போடாமல், ஜனத்தை விலக்கிக்கொண்டு முன்கதவு வழியாக வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் கல் விழுகிற சத்தம் கேட்டது. தொம்! இன்னொன்று, தொம்!

எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். கோல்மன் லாந்தரைத் தூக்கிப் பிடித்தான். மேல் வரிசைக் கல்லை எடுத்து எடுத்து வீசிக்கொண்டிருந்தான் என் புருஷன்.

"திருநாள் அன்னிக்கு இந்த வேலை செய்யலாமா?" என்றான் பேக்கி. இவனைத் திருத்த முடியாது. "பாவமில்லையா?"

"ஓய்வுநாள்ல மாடு குழியில விழுந்தா தூக்க மாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டிருக்காருய்யா," என்றாள் டீலியா.

மாடு, குழி என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் ஃபெஸ்டஸைப் பார்த்தார்கள். டீலியாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஃபெஸ்டஸ் கையில் கல்லோடு திரும்பினான்.

"என் மாட்டைத் தூக்கத்தான் யாரும் வரல," என்றான். "இதையாவது தூக்குங்கடா, வாங்க."

பாருங்கள் அப்போது! ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுகளைக் கழற்றி என் வேலிமேல் எறிந்துவிட்டு அத்தனை ஆண்களும் பாய்ந்தார்கள். அவன் ஒரு மத்தியானம் முழுக்க அடுக்கியது, இரண்டாவது மணி அடிப்பதற்குள் தரையோடு போயிற்று. முன்கதவில் வந்த ஜனம் முன்கதவு வழியாகவே வெளியேறி, வீட்டுச் சுவரைச் சுற்றி, வயலில் இறங்கி நடந்தது. வழுக்கும் என்று டீலியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நன்றாக அழுத்திப் பிடித்தாள்.

ஃபெஸ்டஸ் பாதிச் சவரத்தோடு நற்கருணை வாங்கப் போனான். ஃபாதர் அவன் கன்னத்தை ஒரு கணம் பார்த்தார், அப்புறம் அப்பத்தை நாக்கில் வைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்ததற்கு மிஸ் டார்ப்பி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு செத்தது.

பூசை முடிந்து எல்லோரும் வயல் வழியாகவே திரும்பினோம். மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். டீலியாவை நான் விடவில்லை. கோயிலிலிருந்து வந்தால் எங்கள் பின்கதவுதான் முதலில் வரும், அதன் வழியாக அவளையும் கோல்மனையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். அடுப்பைக் கிளறினேன். டீ கொதித்தது. பன்றி இறைச்சி வறுத்தேன், முட்டை உடைத்தேன், கிறிஸ்துமஸ் கேக்கைக் கனமாக வெட்டினேன். டீலியா அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்தாள். பேக்கி பாடும்போது எங்கே சுருதி விட்டான், மிஸ் டார்ப்பி தொப்பி எவ்வளவு கண்றாவி என்று எல்லாம் பேசினோம். ஞானஸ்நானத்தைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வேறு யாரிடமாவது வாக்குக் கொடுத்திருந்தால்?

கிளம்பும்போது டீலியா பின்கதவுப் பக்கம் திரும்பினாள். அவள் வீடு ரோட்டுப் பக்கம். பின்னால் போனால் மறுபடி சேற்றில் இறங்கிச் சுற்றி வர வேண்டும்.

"வந்த வழியாத்தானே போகணும்," என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஃபெஸ்டஸ் எழுந்து போய் முன்கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"இப்படியே போ, டீலியா."

"அதிர்ஷ்டம் போயிடுமேய்யா."

"கொஞ்சம் எடுத்துட்டுத்தான் போயேன்," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "பிள்ளைக்கு வேணும்ல."

டீலியா அவனைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் பூட்ஸைத் தரையில் உரசிக்கொண்டு முன்கதவைத் தாண்டி வெளியே போனாள். ரோட்டில் இறங்கியதும் திரும்பி, "அடியே வின்னி!" என்று கத்தினாள். "ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகப் போறவ நீதான். கால்ல நல்ல பூட்ஸ் வாங்கி வெச்சுக்கோ, வயல்ல வழுக்கிச்சுன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

நான் வாசலில் நின்று, வெட்கமே இல்லாமல், ஏப்ரனில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். ஃபெஸ்டஸ் கதவைச் சாத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான், அவர்கள் வளைவு திரும்பி மறையும் வரைக்கும்.